புக்கான் அண்ணன்

யார் எதைச் சொன்னாலும் அவர் முதலில் "இல்லை" என்பார். வெயில் கடுமை என்றால் இல்லை. அப்படியென்றால் மழை வருமா என்றால் அதற்கும் இல்லை. தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் "இன்னைக்குக் காலையில வந்த மீனுண்ணே" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் "இல்லை" என்று சொல்லிவிட்டு, அதே மீனை வாங்கிக்கொண்டு போவார். சண்டைக்காகச் சொல்வதில்லை. முகத்தில் கோபம் இருக்காது. சிலர் பேசத் தொடங்கும்போது தொண்டையைச் செருமிக்கொள்வார்களே, அதுபோல அவருக்கு அந்த வார்த்தை.

பொங்கோல் படகுத்துறையில் இருந்த மலாய்க்காரர்கள் அவரை 'பாங் புக்கான்' என்று கூப்பிட்டார்கள். பாங் என்றால் அண்ணன். புக்கான் என்றால் 'அது அப்படி இல்லை'. நாங்கள் அதைப் பாதி தமிழாக்கி 'புக்கான் அண்ணன்' என்றோம். அவர் காதுபடவே கூப்பிடலாம். "என் பேரு அது இல்லை" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சில வேலைகள் பார்த்துவிட்டு அந்தப் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். படகுகளைத் தண்ணீரிலிருந்து ஏற்றுவது, இறக்குவது, கழுவுவது என் வேலை. யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். அவரிடம் பேசுவது எனக்கு எளிதாக இருந்தது. நான் என்ன சொன்னாலும் அவர் இல்லை என்றுதான் சொல்லப்போகிறார், அதனால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் இல்லை.

அப்போது படகுகளின் பின்பலகையில் வெளியே மாட்டும் இஞ்சின்களில் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள்தான் பெரிது. ஒன்றின் மூடி வெள்ளை. இன்னொன்றின் மூடி கறுப்பு. கம்பெனிப் பெயரை யாரும் சொல்வதில்லை. வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான். இரண்டு கம்பெனிக்கும் சிங்கப்பூரில் ஏஜென்ட் இருந்தார்கள். வெள்ளை ஏஜென்டின் பட்டறையில் புக்கான் அண்ணன் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பொங்கோல் முனையில் படகுப் போட்டி நடக்கும். அதில் வெள்ளை இஞ்சின் மாட்டிய படகை ஓட்டுவதும் அவர்தான். ஜோகூர் கரை தெரியும் தண்ணீரில் மூன்று மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். மீன்பிடிப் படகுக்காரர்கள், கடலுக்குள் மரக்கால் நட்டு மீன் பிடிக்கும் கேலோங் முதலாளிகள் எல்லாரும் கரையில் நின்று பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எது முன்னால் வருகிறதோ, திங்கட்கிழமை அதை வாங்கப் போவார்கள். அதனால் இரண்டு ஏஜென்டுக்கும் அது விளையாட்டு இல்லை.

கறுப்பு இஞ்சின் படகை ஓட்டியவர் அண்ணனின் கூட்டாளி. ஒரே அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்தவர்கள். அவர் அண்ணனுக்கு நேர்மாறு. சிரித்துக்கொண்டே இருப்பார், எல்லாவற்றுக்கும் சரி சரி என்பார். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவர் ஜெயித்தவரின் படகைக் கழுவ வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றினால் போதாது. இஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட்டு, உப்பு போகும்வரை நிற்க வேண்டும். அது என் வேலை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழாயை என்னிடம் தரமாட்டார்கள்.

பெரும்பாலும் புக்கான் அண்ணன்தான் கழுவினார். கறுப்புக்காரர் பக்கத்தில் ஒரு ஜெர்ரிக்கேன் மேல் உட்கார்ந்து கோப்பி குடிப்பார்.

"ஒத்துக்கயேன் லா. கறுப்பு ஓடுது, வெள்ளை தள்ளாடுது."

"இல்லை."

"அப்ப யார் படகக் கழுவிக்கிட்டு இருக்கே?"

"உன் படகு."

"ஏன் கழுவுறே?"

"நான் தோத்தேன். இஞ்சின் தோக்கலை. ரெண்டும் வேற."

"இஞ்சின் தோக்காம நீ மட்டும் எப்படிடா தோப்பே? நீந்தியா வந்தே?"

அதற்கும் இல்லை என்றார். கறுப்புக்காரர் சிரித்த சிரிப்பில் கோப்பி சிந்தியது. நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் குழாயைப் பிடித்தபடி இஞ்சினிலிருந்து வரும் தண்ணீரை விரலில் தொட்டு, நாக்கில் வைத்து உப்பு போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளியின் இஞ்சினை அவ்வளவு ஒழுங்காகக் கழுவியவரை நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு ஒரு தங்கை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். தேக்கா மார்க்கெட் மாடியில் ஒரு துணி தைக்கும் கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக்காரர் அவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு அண்ணனிடம் வந்து கேட்டார். அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா அப்பா இல்லாத குடும்பம், அவர்தான் பேச வேண்டும். மாதக்கணக்கில் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டு, அதே நேரத்தில் சிராங்கூன் ரோட்டில் அலைந்து திரிந்து தாலிக்குப் பொன்னும் வாங்கி வைத்திருந்தார். கல்யாணத்தன்று கோயிலில் ஐயர், "நல்ல நேரம் ஆரம்பிச்சாச்சு, தாலி எடுத்துக் குடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் "இல்லை" என்றிருக்கிறார். ஒரு நிமிடம் நாதஸ்வரமே நின்றுவிட்டதாம். பிறகு அவரே தட்டை எடுத்து நீட்டினாராம். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அது அந்தக் காலத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டியில் ஒரு விதி உண்டு. ஒரு படகு கவிழ்ந்தால், பின்னால் வருகிறவர் உடனே இஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். தேவைப்பட்டால் குதிக்க வேண்டும். காவல் படகு வந்து சேர நேரமாகும், அதற்குள் தண்ணீருக்கடியில் மாட்டிக்கொண்டவர் கதை முடிந்துவிடும். ஒருமுறை அண்ணனின் படகே கவிழ்ந்தது. பின்னால் வந்த கறுப்புக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து, கழுத்துப்பட்டியைப் பிடித்து அவரை இழுத்து வந்தார். கரையில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்துக்கொண்டே அண்ணன் சொன்னது:

"இல்லை. நானே நீந்தி வந்திருப்பேன்."

"சரி மச்சான், வந்திருப்பே," என்றார் கறுப்புக்காரர்.

கல்யாணமான அடுத்த வருஷம் அது நடந்தது. அன்று காற்று கொஞ்சம் அதிகம். நான் படகுத்துறையின் கடைசிப் பலகையில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தேன். கடைசி மிதவையைச் சுற்றித் திரும்பும்போது கறுப்பு முன்னால் இருந்தது. வெள்ளை அதற்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கமாக வந்தது. எங்கோ போன இழுவைப் படகின் அலை அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. கறுப்புக்காரரின் படகு மூக்கைத் தூக்கியது. அப்படியே செங்குத்தாக நின்றது. பிறகு பின்பக்கமாக விழுந்தது. சத்தம் எனக்குச் சற்றுப் பிந்திக் கேட்டது.

வெள்ளைப் படகு நிற்கவில்லை. முழு வேகத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டி வந்தது. கரையில் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கோட்டைத் தாண்டிய பிறகுதான் திரும்பினார். திரும்பியதும் அவர் போன வேகத்தை நான் பார்த்தேன். காவல் படகுக்கு முன்னால் போய்க் குதித்தார். ஆனால் அதற்குள் நேரம் போய்விட்டது. அக்காவின் புருஷனை இரண்டு பேராகத் தூக்கி நான் நின்ற பலகையில்தான் கிடத்தினார்கள்.

விசாரணையில் அண்ணனிடம் ஒரே கேள்வியைத்தான் பலவிதமாகக் கேட்டார்கள். முன்னால் போன படகு கவிழ்ந்ததைப் பார்த்தீர்களா?

"இல்லை," என்றார்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். முன்னால் போகும் படகு வாரி இறைக்கும் தண்ணீரில், கண்ணாடி போட்டிருந்தாலும், ஒன்றும் தெரியாது. திருப்பத்தில் ஓட்டுபவர் மிதவையைத்தான் பார்ப்பார். அதிகாரிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் படகுத்துறையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வேறு யாராவது இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்போம். நம்பாமலும் இருந்திருப்போம். எதையாவது ஒன்றைச் செய்திருப்போம். மழையைக் கேட்டாலும் மீனைக் கேட்டாலும் தாலியைக் கேட்டாலும் இதே வார்த்தையைச் சொன்னவர் இதற்கும் அதையே சொன்னால், அதை எங்கே வைப்பது?

அந்தப் போட்டியில் யாரும் ஜெயிக்கவில்லை என்று அறிவித்தார்கள். ஆனாலும் திங்கட்கிழமை ஒரு கேலோங் முதலாளி வெள்ளை ஏஜென்டிடம் போய் இஞ்சின் வாங்கினார். மற்றது கவிழ்கிறதே என்றாராம். அண்ணன் அப்போது இடுகாட்டில் இருந்தார்.

கருமாதி முடிந்ததும் அக்கா அண்ணனுடைய மார்சிலிங் வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளை இல்லை. வேறு சொந்தம் இல்லை. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை, அதன் பிறகு படகில் ஏறவும் இல்லை. பட்டறையில் மட்டும் வேலை பார்த்தார். நான் பிறகு கிராஞ்சியில் ஒரு பூச்செடித் தோட்டத்தில் லாரி ஓட்டப் போய்விட்டேன். பொங்கோலில் படகுத்துறைகளை எடுத்துவிட்டு வீடு கட்டினார்கள். மார்சிலிங் எனக்குப் போகிற வழி. அதனால் அவ்வப்போது போவேன். வருஷா வருஷம் அக்காவின் புருஷனுக்குத் திதி கொடுக்கும் நாளில் என்னையும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அவரைத் தெரிந்தவர்களில் வரக்கூடியவன் நான்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டானதை நான் கூட இருந்து பார்த்தேன். இலையில் படைத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் உட்கார்ந்ததும், சோற்றில் கை வைப்பதற்கு முன் அக்கா கேட்பார்.

"அண்ணே, அன்னைக்கு நீ பார்த்தியா?"

"இல்லை."

அவ்வளவுதான். பிறகு குழம்பு ஊற்றுவார். அடுத்த திதிவரை அந்தப் பேச்சு வராது. குரலில் கோபமோ அழுகையோ இருக்காது. கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பதுபோல ஒருமுறை கேட்பார்.

ஒருநாள் அண்ணன் இல்லாத நேரம் அக்கா என்னிடம் கேட்டார். "நீ கரையில நின்னேல்ல? அண்ணன் தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"தண்ணி தெறிச்சுக்கிட்டு இருந்துச்சுக்கா. தெரியலை."

"உன்னை நம்பலாம், பொய் சொல்லத் தெரியாது உனக்கு," என்றார். கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "பார்த்துச்சுன்னு தெரிஞ்சா காறித் துப்பிட்டு எங்கயாவது போயிடுவேன். பார்க்கலைன்னு தெரிஞ்சா, அண்ணன் காலைப் பிடிச்சிக்கிட்டு ஒரு தடவை அழுதுருவேன். ரெண்டும் இல்லாம இதுக்கு ரசம் வச்சுக்கிட்டு இருக்கேன் பாரு."

அண்ணனோ மாறவே இல்லை. வெள்ளை இஞ்சின் கம்பெனியை அமெரிக்காவில் மூடிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, நாங்கள் தேக்காவில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே கறுப்பு ஏஜென்டிடம் மெக்கானிக்காக இருந்த ஒரு பெரியவர் வருவார். காது கொஞ்சம் மந்தம், குரல் பெரிது.

"உன் கம்பெனியை இழுத்து மூடிட்டானாமே?"

"இல்லை. வேற பேர்ல வரும்."

"எங்க வரும்? இப்ப எல்லாம் ஜப்பான்காரன் இஞ்சின்தான் லா. கறுப்பையே யாரும் சீண்டலை. நீ வெள்ளையைப் பேசுறே."

"இல்லை. ஜப்பான் இஞ்சின் நிக்காது."

"அப்ப கறுப்பு?"

"கறுப்பு எப்பவுமே இஞ்சின் இல்லை."

மெக்கானிக்குக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு. "இந்த மனுசன்கிட்ட இதைக் கேக்கத்தான் நான் ரெண்டு பஸ் மாறி வர்றேன்," என்றார் என்னிடம். உண்மைதான். அவர் வாரம் தவறாமல் வந்தார். உட்கார்ந்ததும் "கறுப்புதான் நல்ல இஞ்சின், ஒத்துக்கோ" என்பார். "இல்லை" என்று கேட்டதும்தான் டீயில் சீனியைக் கலக்குவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அண்ணனின் நடை தடுமாறியது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். லிஃப்டில் ஏறி எந்த மாடி என்று தெரியாமல் நின்றார். மூளையில் சின்னச் சின்ன அடைப்புகள், ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டிருக்கிறது, திரும்பச் சரியாகாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அக்காவும் நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். டாக்டர் சின்ன வயசுத் தமிழ்ப் பெண்.

"அங்கிள், இது எந்த இடம்னு தெரியுதா?"

"ஆமா," என்றார் அண்ணன்.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

"இது மார்க்கெட்டா அங்கிள்?"

"ஆமா."

டாக்டர் எழுதிக்கொண்டார். அக்கா வெளியே வந்ததும் சிரித்தார். "கல்யாணத்தன்னைக்கு வராத ஆமா இன்னைக்கு வருது பாரு. என்ன மருந்து குடுத்தாங்களோ." சிரித்துக்கொண்டே நடந்தவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். பஸ் வந்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் போனோம்.

அதன் பிறகு எல்லாவற்றுக்கும் ஆமாதான். 'இல்லை' அவரிடமிருந்து சுத்தமாகப் போய்விட்டது. எங்கே போனது என்று தேடவும் முடியாது. நடக்க முடிந்த காலத்தில் ஒருமுறை அவரைத் தேக்காவுக்குக் கூட்டிப்போனேன், பழைய இடத்தைப் பார்த்தால் நல்லது என்று நினைத்து. மெக்கானிக் வந்தார். விஷயத்தைச் சொல்லியிருந்தேன், காதில் சரியாக விழவில்லை போலும். உட்கார்ந்ததும் வழக்கம்போல, "கறுப்புதான் நல்ல இஞ்சின், ஒத்துக்கோ," என்றார்.

"ஆமா," என்றார் அண்ணன்.

மெக்கானிக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். பிறகு, "சும்மா சொன்னேன் லா," என்றார். "வெள்ளையும் நல்லாத்தான் ஓடுச்சு. வெள்ளைதான் நல்லது."

"ஆமா."

"ஏய், என்ன நீ... சண்டை போடு லா."

"ஆமா," என்று சொல்லி அண்ணன் அவரைப் பார்த்துச் சிரித்தார். பல் இல்லாத நல்ல சிரிப்பு. மெக்கானிக் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்கு வரவில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

திதி நாள் வந்தது. போகவேண்டாம் என்று நினைத்தேன். போனேன். அக்கா வழக்கம்போல எல்லாம் சமைத்திருந்தார். படத்துக்கு மாலை போட்டிருந்தார். கற்பூரம் காட்டினோம். அண்ணனைக் கைபிடித்து உட்கார வைத்தேன். அக்கா எதிரில் உட்கார்ந்தார். இந்த வருஷம் கேட்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவருக்குத் தெரியாதா? காலையில் பால் வேண்டுமா என்றால் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா என்பவரோடு ஒரே வீட்டில் இருப்பவர் அவர்தானே.

"அண்ணே," என்றார். "அன்னைக்கு நீ பார்த்தியா?"

"ஆமா."

அக்காவின் முகம் மெல்ல வெளுத்ததைப் பார்த்தேன். எனக்கு அதிகம் பேசிப் பழக்கம் கிடையாது. ஆனால் அன்று பேசினேன்.

"அக்கா, திருப்பிக் கேளுங்க. பார்க்கலையான்னு கேளுங்க. அதுக்கும் ஆமான்னுதான் சொல்வாரு."

"வேணாம்."

"நான் கேக்குறேன்."

"கேக்காதே," என்றார். கையை நீட்டி, இலைக்கு மேலாக, எனக்கும் அண்ணனுக்கும் நடுவே வைத்துக்கொண்டார். "என் வீட்டுல உட்கார்ந்து அதைக் கேக்காதே."

நான் கேட்கவில்லை. அக்கா எழுந்து அண்ணனுக்குக் குழம்பு ஊற்றினார். தனக்கு இலை போடவில்லை. அண்ணன் சாப்பிட்டார்.

ஒரு மாதம் கழித்து அண்ணனை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டதாக அக்கா போன் செய்தார். இடம் கிடைப்பது கஷ்டம், கிடைத்ததும் விட்டுவிட்டேன் என்றார். கூட்டிப்போகும் முன் அண்ணனிடமே கேட்டாராம். "உன்னைக் கொண்டுபோய் விட்டுரட்டுமா?" அவர் சொன்ன பதிலை அக்கா போனில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இல்லம் செங்காங் பக்கம். என் வீடும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். மோசமான இடம் இல்லை. சுத்தமாக இருக்கிறது. வேலை செய்யும் பெண்கள் நல்ல பிள்ளைகள், பல ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஆள் குறைவு. முதல் மாதத்தில் அண்ணன் பாதியாகிவிட்டார். காரணம் எனக்கு மதியம் வரை அங்கே இருந்த அன்றுதான் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போன பெண் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "அங்கிள், ஃபினிஷ் ஆல்ரெடி?" என்று கேட்டாள். அண்ணன் ஆமா என்று தலையை ஆட்டினார். தட்டை எடுத்துப் போய்விட்டாள். அவர் தொட்டிருக்கவே இல்லை.

அவளிடம் சொன்னேன். அவரிடம் எதுவும் கேட்காதே, வாயில் வை என்று. சரி அங்கிள் என்றாள். அடுத்த வாரம் வேறு பெண் இருந்தாள். வீட்டில் இது நடந்ததே இல்லை. சாப்பிட்டாயா என்று அக்கா கேட்பதில்லை, நேரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவார்.

இதை அக்காவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தேக்கா மாடிக்குப் போனேன். அதே கடையில் அதே தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்தார். கண்ணாடி மட்டும் தடித்திருந்தது. சொன்னேன். மெலிந்துவிட்டார், நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள் என்றேன். அக்கா மிஷினை நிறுத்தவில்லை.

"அண்ணன்தான் சொல்லிருச்சுல்ல," என்றார். "பார்த்தேன்னு."

"அக்கா, அது எல்லாத்துக்கும்தான்..."

"தெரியும் லா. எனக்குத் தெரியாதா?" இப்போது மிஷின் நின்றது. "முன்னாடி எல்லாத்துக்கும் இல்லைன்னுச்சு. அந்த ஒரு இல்லைய மட்டும் தனியா எடுத்து வச்சுக்கிட்டு இத்தனை வருசம் சோறு போட்டேன். அப்ப அது உண்மைன்னு உன்னால சொல்ல முடிஞ்சுதா?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இப்ப இந்த ஆமாவ எடுத்து வச்சுக்கிறேன். ஏதாவது ஒண்ணு எனக்கும் வேணும்ல. நான் செத்துப்போறதுக்குள்ள."

ஒரு பெண் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றாள். அக்கா அளவு நாடாவை எடுத்து அவள் தோளில் வைத்தார். நான் படியிறங்கினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை நான் ஊட்டுகிறேன். மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கஞ்சி மாதிரிக் குழைத்து ஒரு கிண்ணத்தில் தருவார்கள். கரண்டியைக் கொண்டுபோனால் அண்ணன் வாயைத் திறக்கிறார். விழுங்குகிறார். மறுபடியும் திறக்கிறார். வேண்டாம் என்பது அவரிடம் இல்லை. ஒருநாள் ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டே இருந்து, கடைசியில் எல்லாவற்றையும் என் சட்டையிலேயே வாந்தி எடுத்தார். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. போதுமா என்று கேட்டால் ஆமா என்பார். இன்னும் வேண்டுமா என்றாலும் அதைத்தான் சொல்வார். அதனால் கேட்பதில்லை. அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிக் கிண்ணத்தில், பசி தீர்ந்ததா இல்லையா என்று தெரியாமலே, ஏதோ ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். அதன் பிறகும் அவர் கொஞ்ச நேரம் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார்.